வெறுங்கிண்ணம்

நான் போனால் அவள் கதவைத் திறந்துவிடுவாள். அதுதான் பயம். வேறு யார் போனாலும் உள்ளே இருந்தபடியே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். என்னோடு சமைக்கிற நயனா போனால் நாலு வார்த்தை திட்டவும் செய்வாள். ஆனால் நான் போய், எனக்குப் பின்னால் காமிராவும் நின்றால் திறப்பாள். வெளியாட்கள் முன்னால் என் முகம் வாடிவிடக் கூடாது என்று திறப்பாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வாள். கேட்டால் சிரிக்கவும் செய்வாள்.

மாவைப் பிசைந்துகொண்டே ரமிலா இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த விதுஷி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பத்தே நிமிட வேலை, காமிராக்காரர் தள்ளித்தான் நிற்பார், எதிர் வீட்டு ஜசு மாசியின் வாசலில் ரமிலா ஆரஞ்சுக் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும், மாசி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றாள். மும்பையிலிருந்து தேர்வுக் குழு வருவதற்குள் அதை எடுத்துவிட்டால் நன்றாக இருக்குமாம். மேஜை மேல் கிண்ணம் தயாராக இருந்தது. உள்ளே கிச்சடி. மூடியின் உட்புறம் ஆவி முத்து முத்தாகப் பூத்திருந்தது.

கோம்திபூரில் மூடிப்போன மில் ஒன்றின் சாயக் கிடங்குதான் அந்தச் சமையற்கூடம். சுற்றிலும் இருக்கும் சாலிகளில், அதாவது மில்காரர்களுக்காகக் கட்டிய ஒற்றையறை வீட்டு வரிசைகளில், குடியிருக்கும் பெண்கள் அங்கே ரொட்லியும் காய்கறியும் சமைப்பார்கள். விசைத்தறிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் மலிவு விலைக்கு வாங்கிச் சாப்பிடுவார்கள். இதை நடத்தும் நிறுவனத்தை எல்லோரும் சன்ஸ்தா என்பார்கள். இது தர்மம் இல்லை, வியாபாரம்தான், ஆனால் லாபம் ஏழைகளுக்கு என்று சன்ஸ்தாவின் பெரியவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்கள். அடுப்படியில் நயனா ஒருமுறை சொன்னாள்: "அந்த ஏழை யாருன்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க. போய்ப் பார்த்து லாபத்துல பாதி கேட்டு வாங்கிட்டு வரேன்."

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஃபெல்லோக்கள் வருவார்கள். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள். ஒரு வருடம் இருந்து, ஒரு புதுத் திட்டம் செய்து, அதைப் பற்றி மேடையில் பேசிவிட்டுப் போவார்கள். நயனா அவர்களுக்கு 'ஒரு வருஷ மருமக' என்று பெயர் வைத்திருந்தாள். வந்ததும் அடுப்படியை மாற்றி அடுக்குவார்கள். பழகி முடிப்பதற்குள் போய்விடுவார்கள். ஒருத்தி சுவரெல்லாம் கலர் கலராக அம்புக்குறி ஒட்டினாள். இன்னொருத்தன் ஒரு மணியைக் கட்டிவிட்டுப் போனான். அது எதற்கு அடிக்க வேண்டும் என்பது இப்போது யாருக்கும் நினைவில் இல்லை. உளுந்தில் பூச்சி வந்தால் அடிக்கலாம் என்று நயனா சொல்வாள்.

இந்த வருடம் வந்த விதுஷி அவர்களைப் போல இல்லை. டில்லிப் பெண், வெளிநாட்டில் படித்தவள். ஆனால் முதல் மாதம் சாலியில் தங்க வேண்டும் என்ற விதியை மற்றவர்களைப் போல ஒப்புக்குச் செய்யாமல் ரமிலாவின் வீட்டிலேயே தங்கினாள். தரையில் படுத்தாள். சாலிப் பெண்களைப் போலவே, சகோதரி என்ற பொருளில், பெயரோடு 'பென்' சேர்த்துக் கூப்பிட்டாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு நின்றாள். ரமிலாவின் மகள் க்ருபாவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த நாளில் ரமிலாவின் மடியில் தலை வைத்து அழுதாள். அந்தத் தலையை வருடிக் கொடுத்தபோது ரமிலாவுக்கு உண்மையாகவே பாசம் வந்தது. பாசம் வந்த இடத்தில் பிறகு கோபம் எளிதாக வருவதில்லை. அது ஒரு தொந்தரவு.

கிண்ணங்களை விதுஷி பார்த்தது அந்த மாதத்தில்தான். மாலையில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வரும். தால், இல்லையென்றால் கத்திரிக்காய், இல்லையென்றால் ஊறுகாய் இரண்டு துண்டு. அந்தக் கிண்ணம் அன்றே திரும்பாது. திரும்பும்போது வெறுமனே திரும்பாது. இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் என்றால் சாலியில் யாரும் அதைச் சண்டை என்று சொல்ல மாட்டார்கள், 'கிண்ணம் நின்னு போச்சு' என்றுதான் சொல்வார்கள்.

இதெல்லாம் எப்போதிலிருந்து என்று விதுஷி கேட்டாள். எப்போதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? கணவன் காந்தி நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த வருடத்தைப் பற்றி ரமிலா சொன்னாள். சாலி முழுக்க மாசி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர் வீட்டு ஜசுவிடமிருந்து தினமும் கிண்ணம் வந்ததைச் சொன்னாள். விதுஷியின் கண்கள் கலங்கின. ஆனால் ஒன்றை ரமிலா சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது. வாய் வரை வந்து நின்றுவிட்டது. அந்தக் கிண்ணங்களைத் திருப்பும்போது முதலில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். பிறகு கல்லுப்பு. பிறகு வீட்டில் அதுவும் இல்லாமல் போனது. பெயின்ட் டப்பாவில் நட்டிருந்த துளசி மட்டும் இருந்தது. ஒரு இலையைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள். மாசி எதுவும் கேட்கவில்லை. இலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டுப் போனாள். மறுநாள் வந்த கிண்ணம் பெரிதாக இருந்தது.

விதுஷியின் திட்டம் சில வாரங்களில் உருவானது. சமையற்கூடத்தில் மிஞ்சும் சாப்பாட்டை, இல்லாத வீடுகளுக்குக் கிண்ணத்தில் அனுப்புவது. சாலியின் சொந்த வழக்கத்திலிருந்து பிறந்த திட்டம் என்று சன்ஸ்தாவில் எல்லோரும் பாராட்டினார்கள். மூடி போட்ட ஆரஞ்சுக் கிண்ணங்கள் வந்து இறங்கின. கூடவே ஒரு விதியும் வந்தது: கிண்ணம் கழுவி, வெறுமனேதான் திரும்ப வேண்டும். வீடுகளிலிருந்து எந்தப் பண்டமும் சமையற்கூடத்துக்குள் வரக் கூடாது, உரிமம் போய்விடும்.

காலியாகக் கொடுக்கச் சொன்னால் நன்றாக இருக்காது என்று ரமிலா சொல்லிப் பார்த்தாள். விதுஷி சட்டென்று மறுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டாள். ரமிலா யோசித்தாள். ஏன் என்றால் என்ன சொல்வது? "நல்லா இருக்காது, பென். அவ்வளவுதான்."

"நான் வேற மாதிரி யோசிச்சேன், ரமிலாபென். வாங்கறவங்க மேல பாரம் இருக்கக் கூடாது. திருப்பித் தரணுமேன்னு கவலைப்படாம சாப்பிடட்டும். நீங்க அந்த வருஷம் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பீங்க?"

அதுவும் சரிதானோ என்று அப்போது ரமிலாவுக்குத் தோன்றியது. சங்கடப்பட்டது உண்மைதானே. அந்தச் சங்கடம்தான் அவளைப் பிச்சைக்காரியாகாமல் காப்பாற்றியது என்று சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். ஏனென்றால் அந்த வாரம்தான் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. இந்த வருடம் முதல்முறையாக, பஸ்தியிலிருந்தே, அதாவது இந்த ஏழைக் குடியிருப்புகளிலிருந்தே, ஒரு பெண்ணை ஃபெல்லோவாக எடுக்கப் போகிறார்கள். விதுஷி ரமிலாவின் பெயரைச் சொல்லியிருந்தாள்.

சம்பளம் கூடும் என்பது ஒரு பக்கம். ரமிலாவின் ஆசை வேறு எதிலோ சிக்கியிருந்தது. பதினைந்து வருடங்களாக யார் யாரோ வந்து அவளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் எங்கே, புருஷன் குடிப்பானா, கடைசியாகப் பால் வாங்கியது எப்போது. அவளும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு தடவையாவது மேஜையின் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். கேட்கிறவளாக இருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தால் என்ன கேட்பாள் என்று ராத்திரியில் யோசிப்பாள். ஒன்றும் தோன்றாது. ஆனாலும் அந்த நாற்காலி மட்டும் கண்ணுக்குள் நிற்கும். க்ருபா தன் பள்ளிக்கூடச் சிநேகிதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள், அம்மா ஃபெல்லோ ஆகப் போகிறாள் என்று. அடையாள அட்டையை மாட்ட அலமாரியில் ஒரு ஆணியைக்கூடக் காலி செய்து வைத்திருந்தாள்.

ஆரஞ்சுக் கிண்ணங்கள் போகத் தொடங்கின. எந்த வீட்டுக்குப் போகிறது என்பது சந்து முழுக்கத் தெரிந்தது. அந்த நிறத்தை யாரும் முந்தானையில் மறைக்க முடியாது. திரும்பி வந்த கிண்ணங்களில், எவ்வளவு சொல்லியும், ஏதாவது இருந்தது. இரண்டு பச்சை மிளகாய். ஒரு வெல்லத்துண்டு. பாதி எலுமிச்சை. ரமிலா வாசலிலேயே வாங்கி, குப்பை டிரம்மில் கொட்டிவிட்டு, உள்ளே கொண்டுவருவாள். கொட்டுவது சமையற்கூடத் தலைவியின் வேலை. அடுத்த தடவை காலியாகக் கொடுங்கள் என்று சிரித்தபடி சொல்வதும் அவள் வேலைதான். அந்தச் சிரிப்பு யாரிடமிருந்து வந்தது என்று சில சமயம் தோன்றும். அது சன்ஸ்தா ஆட்களின் சிரிப்பு. இத்தனை வருடம் எதிரில் நின்று பார்த்ததில் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"டிரம்மைப் பாரு," என்றாள் நயனா. "மிளகா, எலுமிச்சை, உப்பு, வெல்லம். கொஞ்சம் எண்ணெய் ஊத்தினா ஊறுகாய் ஆயிடும். சாலியே சேர்ந்து போட்ட ஊறுகாய்."

ரமிலா சிரிக்கவில்லை.

ஜசு மாசியின் வீட்டையும் திட்டத்தில் விதுஷிதான் சேர்த்தாள். மாசிக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. தைத்த துணியில் நூல் வெட்டிக் கொடுக்கும் வேலை போய்விட்டது. சூரத்திலிருக்கும் மகனிடமிருந்து போனும் நின்றுவிட்டது. ரமிலா தன் வீட்டிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். மாசியும் எதையாவது போட்டுத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள், உப்புக்கல்லோ வறுத்த சோம்போ. ஒரு நாள் ரமிலா வேலையில் இருக்கும்போது ஆரஞ்சுக் கிண்ணமும் அங்கே போய்விட்டது. ரமிலாதான் அனுப்பினாள் என்று நினைத்து மாசி வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கிண்ணங்களைத் திரும்ப வாங்க ரமிலாவோடு விதுஷியும் வந்தாள். தேர்வுக் குழுவுக்குப் பரிந்துரை எழுத வேண்டும், நீங்கள் ஜனங்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றாள். ஜசு மாசி கதவருகே வந்தாள். தடவித் தடவிக் கிண்ணத்தை நீட்டினாள். ரமிலா மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு துளசி இலை.

சர்க்கரை இல்லை, உப்பு இல்லை, ஒன்றும் இல்லை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பாஷை அது. மாசி வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். அந்த இலையை வாயில் போட்டுக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். மறுநாள் பெரிய கிண்ணம் கொண்டு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

"ஓ, இங்கயும் ஏதோ இருக்கு," என்றாள் விதுஷி மெதுவாக, அன்பாகத்தான். "ரமிலாபென், மாசிக்கு விதியைச் சொல்லிடுங்களேன்."

அப்போது ரமிலாவின் விரல்கள் தானாக நகர்ந்தன. இத்தனை நாள் பழக்கம். இலையை எடுத்து ஓரமாகப் போட்டாள். சாக்கடை விளிம்பில் அது ஒட்டிக்கொண்டது. "மாசி, கிண்ணத்தைக் காலியாத்தான் குடுக்கணும்," என்றாள். அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது.

மாசியின் மங்கிய கண்கள் ரமிலாவின் முகம் இருக்கும் திசையில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு கையை நீட்டினாள். ரமிலா புரியாமல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மாசி அதை வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள்.

"காலியா தானே வேணும்? எடுத்துக்கோடி."

கதவு சாத்திக்கொண்டது. சத்தமாகக்கூட இல்லை. மாசி பெருமைக்காரி, வயதானவர்களுக்கு உதவி வாங்குவது கஷ்டம்தான் என்று திரும்பும் வழியெல்லாம் விதுஷி பேசிக்கொண்டு வந்தாள். நீங்கள் பொறுமையாக நடந்துகொண்டதைக் கட்டாயம் எழுதுவேன் என்றும் சொன்னாள்.

அன்று மாலை ரமிலா வீட்டிலிருந்த பெரிய கிண்ணத்தில் தால்-டோக்லி எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு கிண்ணம்? உன்னதா, சன்ஸ்தாவோடதா?"

"என்னது தான், மாசி."

"இப்பல்லாம் வித்தியாசம் தெரிய மாட்டேங்குதுடி. கண்ணு போயிடுச்சில்ல."

ரமிலா நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தால் ஆறி ஆடை கட்டியது. எடுத்துக்கொண்டு திரும்பினாள். இரவு க்ருபா அதைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். அதன் பிறகும் ரமிலா போனாள். சில நாள் பதிலே வராது, சில நாள் பசியில்லை என்று வரும். கிண்ணம் நின்று போய்விட்டது என்று சாலியில் பேசிக்கொண்டார்கள். மாசியின் பெயரை ஏழைகள் பட்டியலில் சேர்த்ததே ரமிலாதான் என்றும், அதற்காகத்தான் அவளுக்குப் பதவி கிடைக்கப் போகிறது என்றும் பேச்சு அடிபட்டது. இல்லை என்று மறுக்க அவள் யாரிடமும் போகவில்லை. பாதி பொய்யை மறுக்கப் போனால் மீதி உண்மையையும் பேச வேண்டி வரும்.

மாசி எப்படிச் சாப்பிடுகிறாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கோவிலில் பிரசாதம் வாங்கிக்கொள்கிறாள் என்றாள் நயனா. அவளுடைய கேலி எதுவும் அதில் இல்லை.

இப்போது விதுஷியின் வருடம் முடிகிறது. மேடையில் காட்டப் படம் வேண்டும். தனியாக இருக்கிற, கண் தெரியாத, பல மாதமாக வாங்க மறுத்த ஒருத்தி, தன் பக்கத்து வீட்டுக்காரியின் கையால் வாங்கிக்கொள்கிறாள். பார்ப்பவர்கள் அழுவார்கள். விதுஷியும் அழுவாள், நிஜமாகவே அழுவாள்.

"மத்தவங்க போனா மாசி திறக்க மாட்டாங்க," என்றாள் விதுஷி. "உங்களுக்குத் திறப்பாங்க. எனக்குத் தெரியும்."

இந்த ஒன்று இவளுக்கு எப்படிச் சரியாகத் தெரிந்தது என்று ரமிலா வியந்தாள். ஆமாம், திறப்பாள். சாலிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெளியாட்கள் முன்னால் ரமிலாவை விட்டுக் கொடுக்க மாட்டாள். ரமிலாவுக்கு அந்த நாற்காலி கிடைக்க வேண்டும் என்று ஆரஞ்சுக் கிண்ணத்தை வாங்கிக்கொள்வாள். வாங்கி, சாப்பிட்டு, கழுவி, இந்தத் தடவை விதிப்படி வெறுமனே திருப்பித் தருவாள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் கோபம்கூட மிஞ்சாது.

நயனா அடுப்பருகே ரொட்லியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"நான் போகல, பென்," என்றாள் ரமிலா.

விதுஷிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. காமிராக்காரர் வந்துவிட்டார், ஆட்டோ வெளியே நிற்கிறது என்றாள். குழுவில் இருப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரமிலாவிடம் பேசுவார்கள் என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "இது எனக்கு மட்டும் இல்ல. உங்களுக்காகவும் தான் கேக்கறேன். க்ருபாவுக்காகவும்."

அது உண்மைதான். ரமிலா அதைச் சந்தேகிக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்தாள். அலமாரியில் காலியாக இருக்கும் ஆணி ஞாபகம் வந்தது. அதில் பழையபடி சல்லடையை மாட்டிக்கொள்ளலாம்.

"தெரியும் பென். ஆனா நான் போகல."

விதுஷி அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மடியில் தலை வைத்து அழுத அதே முகம். எதையாவது கொடுத்து இதைச் சரிசெய்ய முடியுமா என்று அது தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"உடம்பு சரியில்லையா ரமிலாபென்? அப்படின்னா நான் குழுகிட்ட சொல்லிக்கிறேன். உடம்பு சரியில்லன்னா புரிஞ்சுப்பாங்க. நாளைக்குக் காலையில கூட எடுக்கலாம்."

ரமிலா கையில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொரு விரலாக வழித்து எடுத்தாள். ஈரத்துணியைப் பிழிந்து மாவின் மேல் போட்டு மூடினாள். மேஜையிலிருந்த ஆரஞ்சுக் கிண்ணத்தின் மூடியில் ஆவி இப்போது தண்ணீராகி உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் தொடவில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.